பூச்சி தனியாகப் பயணம் செய்வதில்லை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி அன்னைக்கு நூறு வயது நிறையும் வேளையில், எமது ஆய்வைப் பற்றி எளிய தமிழில் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. இதைப் பெரும் பேறாகக் கருதுகிறோம்.

கலாநிதிப் பட்டம் பெற்ற பிறகும் ஆய்வு செய்கிறோம் என்றால், ஊரில் எழும் முதற் கேள்வி "படிப்பு இன்னும் முடியவில்லையோ?" என்பதுதான். அக்கேள்வியில் நியாயம் உண்டு. பட்டப்பின் ஆய்வாளர் மாணவரும் அல்லர், நிரந்தர விரிவுரையாளரும் அல்லர். இரண்டு அல்லது மூன்று வருட ஒப்பந்தத்தில் ஓர் ஆய்வுக்குழுவில் சேர்ந்து, ஒரு கேள்வியை மட்டும் எடுத்து அதன் அடிவரை சென்று பார்ப்பவர். எமக்குக் கிடைத்த கேள்வி இதுதான்: ஒரு புதிய நாட்டில் வந்திறங்கிய பூச்சி அந்த நிலம் முழுவதும் எப்படிப் பரவுகிறது? எவ்வளவு வேகமாக? எந்த இடத்தில் அதைத் தடுக்க முடியும்?

இதற்கு எம் போன்றோர் பாடநூலாகக் கொள்வது வட அமெரிக்காவில் நடந்த ஒரு கதை. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக அது தொடர்கிறது.

பொஸ்ரன் நகருக்கு அருகே மெட்ஃபோர்ட் என்ற சிற்றூர். அங்கே எத்தியேன் லெயோபோல்ட் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியர் குடியிருந்தார். பின்னாளில் வானியல் ஓவியங்களால் புகழ் பெற்றவர் இவர். பட்டுப்புழு வளர்ப்பில் ஆர்வம் கொண்டிருந்த அவர், 1868 அல்லது 1869 அளவில் ஐரோப்பாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். சில புழுக்கள் தப்பிவிட்டன. அபாயத்தை உணர்ந்து அவர் அக்கால அறிஞர்களுக்குத் தெரிவித்தார் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவரும் எதுவும் செய்யவில்லை.

இருபது ஆண்டுகள் ஊரார் கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. 1889ஆம் ஆண்டு கோடையில் மெட்ஃபோர்ட் மரங்கள் மொட்டையாயின. நமது முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி அப்பியிருக்கும் காட்சி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை ஓர் ஊரின் எல்லா மரங்களுக்கும், சுவர்களுக்கும், நடைபாதைகளுக்கும் பெருக்கிப் பாருங்கள்.

அந்தப் புழு எது என்று இனங்கண்டவர் ஒரு பெண் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட முடியாது. மாதிரிகள் மாநில விவசாயக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டபோது பூச்சியியல் பேராசிரியர் சார்ள்ஸ் ஃபெர்னால்ட் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய துணைவியார் மரியா ஃபெர்னால்ட் அம்மையார்தான் அதை ஐரோப்பிய அந்துப்பூச்சி என்று கண்டறிந்தார். இந்த அம்மையார் 1903இல் உலகச் செதிற்பூச்சிகளின் முழுப் பட்டியல் ஒன்றையும் நூலாக வெளியிட்டவர்.

அடுத்த ஆண்டே மாசசூசெற்ஸ் மாநிலம் ஒழிப்பு வேலையில் இறங்கியது. மரம் மரமாக ஏறி முட்டைகளைச் சுரண்டினார்கள்; மருந்து அடித்தார்கள்; எரித்தார்கள். பத்து ஆண்டுகளில் பூச்சி அரிதாகிவிட்டது. அரிதாகிவிட்டது என்பதாலேயே 1900இல் சட்டசபை பணத்தை நிறுத்திவிட்டது. சில ஆண்டுகளில் அது முன்னிலும் பெரிய பரப்பில் தலைகாட்டியது. அதன் பிறகு அதை ஒழிக்க எவராலும் முடியவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

இனி ஒரு புதிருக்கு வருவோம். இந்த இனத்தின் பெண் அந்துக்கு இறக்கைகள் உண்டு. ஆனால் அது பறப்பதில்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த இடத்துக்கு அருகிலேயே அமர்ந்து, மணத்தால் ஆணை அழைத்து, சில நூறு முட்டைகளை ஒரே குவியலாக இட்டு இறந்துவிடும். முட்டையிலிருந்து வரும் சிறு புழுக்கள் நூலிழையில் தொங்கிக் காற்றில் சிறிது தூரம் மிதக்கும். அவ்வளவுதான் அதன் சொந்தப் பயணம்.

அப்படியானால் அது வருடத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும்? இதற்கான கணக்கை 1951இல் ஸ்கெலம் என்ற ஆங்கில அறிஞர் வகுத்துத் தந்தார். ஐரோப்பாவில் பிராக் நகருக்கு அருகே 1905இல் விடப்பட்ட சில நீரெலிகள் பரவிய கதையை அவர் எடுத்துக்கொண்டார். நீரெலிகள் பரவிய பரப்பளவின் வர்க்கமூலத்தை ஆண்டுகளுக்கு எதிராக வரைபுபடுத்தினால் ஒரு நேர்கோடு கிடைத்தது. குளத்தில் கல் எறிந்தால் வட்டம் சீராக விரிவதுபோல, உயிரினமும் சீரான வேகத்தில் விரிகிறது. ஓர் உயிர் தன் வாழ்நாளில் எவ்வளவு தூரம் நகரும், எத்தனை சந்ததியைப் பெருக்கும் என்று தெரிந்தால் வட்டத்தின் வேகத்தைக் கணித்துவிடலாம்.

அமெரிக்க ஆய்வாளர் லீப்ஹோல்டும் சக ஆய்வாளர்களும் 1992இல் இந்தக் கணக்கை எமது அந்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். வந்த விடை, வருடத்துக்குச் சுமார் 2.5 கிலோமீற்றர். ஆனால் மாவட்டம் மாவட்டமாக இருந்த பழைய பதிவுகளைக் கொண்டு உண்மையான வேகத்தை அளந்தபோது, 1966 முதல் 1990 வரையான காலத்தில் அது வருடத்துக்குச் சுமார் 21 கிலோமீற்றராக இருந்தது. பறக்காத பூச்சி, கணக்குச் சொன்னதைவிட எட்டு மடங்கு வேகத்தில் போயிருக்கிறது.

பிள்ளைகளே, கணிதம் பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பூச்சியின் கால்களையும் நூலிழையையும் கணக்கில் எடுத்தார்கள்; எமது வாகனங்களை எடுக்கவில்லை. மீதி 18 கிலோமீற்றரும் பெரும்பாலும் மனிதர்கள் கொடுத்தது. அந்து மரத்தில் மட்டும் முட்டையிடுவதில்லை. கார்ச் சில்லின் உட்புறம், தோட்டத்துக் கதிரையின் அடிப்பக்கம், விறகுக்கட்டை, முகாமிடும் கூடாரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. கதிரை லொறியில் ஏறுகிறது. அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சுத்துண்டு போல ஒட்டியிருப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. அடுத்த வசந்தத்தில், பூச்சியே இல்லாத ஒரு மாநிலத்தின் நடுவில், சில நூறு புழுக்கள் பொரிக்கின்றன.

ஆகவே பரவல் என்பது ஒரு வட்டம் மட்டுமல்ல. ஓலைக் கூரையில் தீப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தீ கூரையோடு கூரையாக ஊர்ந்து வருவது ஒரு பக்கம். பொறி பறந்து நான்கு வளவு தள்ளி இன்னொரு கூரையில் விழுவது மறு பக்கம். விழுந்த பொறிகள் தனித்தனித் தீயாக வளர்ந்து, பின்னால் வரும் பெருந்தீயுடன் சேர்ந்துகொள்ளும்போதுதான் ஊர் போகிறது. எரியும் வீட்டில் நின்று தண்ணீர் ஊற்றுவதா, தள்ளி விழுந்த பொறிகளை மிதித்து அணைப்பதா? அந்துப்பூச்சி விடயத்தில் இரண்டாவது வழியே பயன் தரும் என்று ஆய்வுகள் காட்டின.

ஏன் என்பதற்கு உயிரியலில் ஓர் அழகான காரணம் உண்டு. வோடர் க்ளைட் அலி என்ற அமெரிக்க அறிஞர் 1930களில் பொன்மீன்கள் முதலிய உயிர்களை வைத்துச் சோதனைகள் செய்து, தனித்திருப்பதைவிடக் கூட்டமாக இருப்பது உயிர்களுக்குப் பல வகையில் நன்மை தருவதைக் காட்டினார். அதன் மறுபக்கம், ஒரு கூட்டம் மிகச் சிறுத்துவிட்டால் அது தானாகவே அழிந்துபோகக்கூடும் என்பது. புதிய இடத்தில் பொரித்த நூறு புழுக்களில் பத்து அந்துகளே மிஞ்சினால், ஒரு பெரிய காட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அந்த நிலையில் நாம் சிறிது இடையூறு செய்தாலே போதும்.

அந்த இடையூறைச் செய்ய உதவுவது பெண் அந்து வெளிவிடும் மணம். 1970இல் அதன் இரசாயனக் கட்டமைப்பைக் கண்டறிந்து ஆய்வுகூடத்தில் தயாரித்தார்கள். அதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, பசை பூசிய மட்டைப் பொறிக்குள் சிறிதளவு வைத்து ஆண் அந்துகளை வரவழைப்பது. எங்கே பூச்சி இருக்கிறது என்று அறிய இது உதவும். மற்றது, அதே மணத்தைச் சிறு துகள்களில் ஏற்றிக் காட்டின்மேல் தூவுவது. எங்கும் பெண்ணின் மணம் என்றால் ஆணுக்கு உண்மையான பெண் எங்கே என்று தெரியாது. கலவி நடப்பதில்லை, முட்டை இல்லை. வேறு பூச்சிக்கோ பறவைக்கோ தீங்கும் இல்லை. பறவாத பூச்சியின் பரவலை மெதுவாக்கும் இந்தத் தேசியத் திட்டம் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டளவில் முழு அளவில் தொடங்கியது. பரவல் எல்லையின் முன்னால் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான பொறிகள் வைக்கப்படுகின்றன. பரவல் வேகம் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது. திட்டத்தின் பெயரிலேயே "ஒழித்தல்" என்ற சொல் இல்லை, "மெதுவாக்கல்" என்றுதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு காட்டுக்குப் பூச்சி இருபது ஆண்டுகள் பிந்தி வந்தால், அந்த இருபது ஆண்டுகளும் அக்காட்டுக்குக் கிடைத்த ஆயுள்.

இதில் எங்கள் போன்ற பட்டப்பின் ஆய்வாளர்களின் வேலை என்ன? காட்டில் நின்று பூச்சி பிடிப்பது ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி, முகம் தெரியாத எத்தனையோ பேர் பல ஆண்டுகளாக எண்ணி எழுதி வைத்த பதிவுகளைக் கணினியில் அடுக்கி, அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா என்று பார்ப்பது. அப்படிப் பார்த்தவர்கள்தான், இந்தப் பரவல் சீராக நடப்பதில்லை, ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை துடிப்புப் போல முன்னே பாய்கிறது என்று 2006இல் காட்டினார்கள். பின்னே உள்ள பெருங்கூட்டம் பெருகும் ஆண்டுகளில் முன்னே தெறிக்கும் பொறிகளும் அதிகம். அலி சொன்ன வாசலைத் தாண்டும் கூட்டங்களும் அதிகம். நிலமும் இதில் பங்கெடுக்கிறது. வேர்ஜீனியாவின் கரையோரச் சமவெளியில் கோடை வெப்பம் தாங்காமல் பூச்சி பின்வாங்கியிருக்கிறது. அதே காலத்தில் உயரமான மலைப்பகுதியில் முன்னேறியிருக்கிறது.

இந்த வேலை எங்களுக்குக் கற்றுத்தந்த மிகப் பெரிய மதிப்பு பூச்சியத்தின் மதிப்பு. பொறியைத் திறந்து பார்த்தவர் ஒன்றும் அகப்படவில்லை என்றால் "0" என்று எழுத வேண்டும். பார்க்காமல் விட்டால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவது அறிவு, இரண்டாவது அறியாமை. எல்லையை வரைவதற்குப் பூச்சி அகப்பட்ட பொறிகள் எவ்வளவு தேவையோ, அகப்படாத பொறிகளும் அவ்வளவு தேவை. கொளுத்தும் வெயிலில் வெறும் பொறியைத் திறந்து "0" எழுதிய ஒரு கோடைகால மாணவியின் கையெழுத்தின்மேல்தான் எங்கள் கணக்குகள் நிற்கின்றன.

பொறி வைத்து முந்திக்கொள்ள முடியாத பூச்சிகளும் உண்டு. ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு அதற்கு உதாரணம் தேவையில்லை. ஸ்காபரோ வீதிகளில் நிழல் தந்த ஆஷ் மரங்கள் வரிசையாகப் பட்டுப்போய் வெட்டப்பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தது கிழக்காசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சையில் மின்னும் ஒரு சிறு வண்டு. 2002இல் டிற்றொயிற் நகரை அண்டிய பகுதியில் அதை முதன்முதலில் இனங்கண்டார்கள். இறந்த மரங்களின் ஆண்டு வளையங்களைப் படித்துப் பார்த்தபோது, அது 1990களிலேயே வந்துவிட்டது தெரியவந்தது. பட்டைக்கு அடியில் ஒளிந்து தின்னும் குடம்பியை எவரும் காணவில்லை. காணாத அந்த ஆண்டுகளில் மக்கள் விறகைக் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போனார்கள். 2007இல் வண்டு ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் பல கோடி மரங்கள் அழிந்துவிட்டன.

இத்தகைய வண்டுகள் கடல் கடப்பது பெரும்பாலும் பொருட்களை அடுக்கும் மரச் சட்டங்களிலும் பெட்டிகளிலும்தான். அதனால் சர்வதேச வர்த்தகத்தில் வரும் மரப் பொதிகளை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும் அல்லது புகையூட்ட வேண்டும் என்ற விதியை 2002இல் கொண்டுவந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் மரச் சட்டங்களிலும் கோதுமைக் கதிர் பொறித்த முத்திரையைக் காணலாம்.

இனி எமது பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா கட்டித் தரும் பொதியில் மிளகாய்த்தூள் இருக்கும், ஒடியல் மா இருக்கும், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையும் இருக்கும். கறிவேப்பிலை எமக்கு இலை அல்ல, ஊர் வாசம். ஆனால் தாவரவியற்படி அது தோடை, தேசி ஆகியவற்றின் குடும்பம். அதன் கொழுந்தில் எள்ளளவே உள்ள ஒரு சாறுறிஞ்சும் பூச்சி வாழும். தோடை மரங்களைக் கொல்லும் பக்ரீரியாவை மரத்துக்கு மரம் காவுவது அதுதான். அந்த நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை.

அந்தப் பூச்சி புளோரிடாவில் 1998இல் காணப்பட்டது. கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவான ஓர் அலங்காரச் செடியின் கன்றுகளோடு கடை கடையாக அது மாநிலம் எங்கும் போய்ச் சேர்ந்தது. 2005இல் நோய் தென்பட்டது. நோயும் சூறாவளிகளும் சேர்ந்து, அங்கே 2003-2004 பருவத்தில் இருந்த தோடை விளைச்சல் இருபது ஆண்டுகளுக்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 2009இல் ஒரு மோப்பநாய், இந்தியாவிலிருந்து வந்த பொதி ஒன்றைப் பிடித்தது. உள்ளே கறிவேப்பிலை, இலையில் பூச்சி, பூச்சியின் உடலில் நோய்க்கிருமி. அனுப்பியவர் மனத்தில் அன்பு மட்டுமே இருந்திருக்கும். விமான நிலைய அதிகாரி கறிவேப்பிலையைப் பிடுங்கி வைக்கும்போது எமக்குக் கோபம் வருவது இயல்பு. அவர் பிடுங்குவது இலையை அல்ல, பறந்து விழவிருந்த ஒரு தீப்பொறியை என்று அடுத்த முறை நினைத்துக்கொள்வோம்.

எல்லாப் பூச்சியும் எமது பெட்டியை நம்பியிருப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு 2016இல் ஆபிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில். அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில். சேனா படைப்புழு என்ற பெயரில் அது சோளச் செய்கையாளரைக் கலங்கடித்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் அந்து காற்றோடு சேர்ந்து ஓர் இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது. கண்டம் விட்டுக் கண்டம் தாண்டியபோது மனிதரின் வர்த்தகம் கைகொடுத்திருக்கலாம்; தாண்டிய பிறகு தடுப்பதற்கு எல்லை இருக்கவில்லை. அப்படிப்பட்ட பூச்சியுடன் சேர்ந்து வாழவும், அதை உண்ணும் இயற்கை எதிரிகளை வளர்க்கவும்தான் கற்க வேண்டும். 2008இல் எமது பப்பாசியை வெள்ளையாக மூடிய மாவுப்பூச்சியை, அதன் தாயகமான அமெரிக்கப் பிரதேசத்துக் குளவி ஒன்றைத் தருவித்து அடக்கியது அந்த வழியில் கிடைத்த வெற்றி. எந்தப் பூச்சி எந்த வகை என்று முதலில் அறிவதற்குத்தான் ஆய்வு வேண்டும்.

கடைசியாக, எம் எல்லோரையும் தொடும் ஒரு விடயம். 1934-35இல் இலங்கையில் மலேரியாப் பெருநோய் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ சுகாதார ஊழியர்கள் உழைத்தார்கள். போர்க் காலத்திலும் அந்த வேலை நிற்கவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் மன்னாரில் ஒரு புதிய நுளம்பு அகப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்பது அதன் பெயர். இந்திய நகரங்களில் மலேரியாவைக் காவும் இனம். எமது பழைய மலேரியா நுளம்பு ஆற்றுப் படுகைக் குட்டைகளை நாடியது. இதுவோ கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு உள்ள குடாநாட்டுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டிருக்கிறது. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் இதே நுளம்பு 2012இல் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் அத்தொகை 73,000ஐத் தாண்டியது.

எமது நாட்டில் அப்படி நடக்கவில்லை. மலேரியா ஒழிந்துவிட்டதே, இனி நுளம்புக் குடம்பியை எதற்கு எண்ணுவது என்று அந்த ஊழியர்கள் ஓய்ந்துவிடவில்லை என்பது அதற்கு முக்கிய காரணம். மாசசூசெற்ஸ் 1900இல் நிறுத்தியது, மன்னாரில் நிறுத்தவில்லை. வாளியை இறக்கிக் கிணற்று நீரை அள்ளிப் பார்த்து "0" என்று எழுதிக்கொண்டிருந்தபடியால்தான் "0" அல்லாத நாள் வந்தபோது தெரிந்தது. கிணறுகளில் குடம்பி உண்ணும் மீன் விடுவதும், தாங்கிகளை மூடுவதும் அதனால் உடனே தொடங்கின. உங்கள் வளவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தால், தயவுசெய்து சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வார்த்தை, வார்த்தைகளைப் பற்றி. எமது துறை நூல்கள் "படையெடுப்பு", "ஆக்கிரமிப்பு", "அந்நியன்" என்ற சொற்களால் நிறைந்தவை. இடப்பெயர்வைச் சுமந்தவர்களுக்கும், வந்தேறிகள் என்ற சொல்லை வேற்று நாட்டுத் தெருவில் கேட்டவர்களுக்கும் இச்சொற்கள் உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும். இன்று பேசிய அந்துக்கு ஆங்கிலத்தில் ஜிப்சி அந்து என்ற பெயர் நெடுங்காலம் இருந்தது. அது ரோமா மக்களை இழிவுபடுத்துகிறது என்பதால் அமெரிக்கப் பூச்சியியற் சங்கம் 2021இல் அப்பெயரைக் கைவிட்டு, 2022இல் முட்டைக் குவியலின் தோற்றத்தை வைத்து ஸ்பொஞ்சி அந்து என்று பெயரிட்டது. பூச்சி தன் விருப்பத்தில் வரவில்லை. அதற்குக் குற்றமும் இல்லை. மனிதர் இடம்பெயர்வது வேறு விடயம். அதைப் பூச்சியோடு ஒப்பிட எவருக்கும் உரிமை இல்லை. நாங்கள் அளப்பது ஓர் உயிர் புதிய மண்ணில் செய்யும் சேதத்தை மட்டுமே.

பழைய மாணவியரிடம் எமது வேண்டுகோள் மூன்று.

முதலாவது: கன்று, விதை, கிழங்கு, பச்சை இலை எதையும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எந்த நாட்டுக்குள்ளும், எந்தத் திசையிலும் கொண்டுசெல்ல வேண்டாம். மெல்பேர்ணிலிருந்து கல்லூரித் தோட்டத்துக்கு ஒரு ரோஜாத் தண்டு கொண்டுவருவதும் இதில் அடங்கும். தோட்டத்துக்கு உதவ விரும்பினால் பணமாகத் தாருங்கள். கன்றை இங்கேயே வாங்குவோம்.

இரண்டாவது: வளவில் இதுவரை காணாத பூச்சியையோ, காரணம் தெரியாமல் வாடும் மரத்தையோ கண்டால் படம் எடுத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். வெளிநாட்டில் இருப்போர் அந்தந்த நாட்டு விவசாய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பத்தில் ஒன்பது தடவை அது பழகிய பூச்சியாகவே இருக்கும். வெட்கப்பட வேண்டாம். அதுவும் ஒரு "0" தான்.

மூன்றாவது, சங்கத்திடம்: நூற்றாண்டு நினைவாகக் கல்லூரியில் ஒரு பதிவேடு தொடங்குவோம். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் கிழமைக்கு ஒருமுறை கல்லூரிக் கிணற்றையும், தொட்டிகளையும், தோட்டத்து மரங்கள் சிலவற்றையும் பார்த்து, கண்டதைத் திகதியுடன் எழுதட்டும். காணாவிட்டால் "0" என்று எழுதட்டும். செலவு ஒரு கொப்பியும் சில உருப்பெருக்குக் கண்ணாடிகளும்தான். முதற் பத்து ஆண்டுகளுக்கான அச்செலவை எமது வகுப்புத் தோழியர் ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் எழுதப்பட்ட அப்படி ஒரு கொப்பி எந்தப் பல்கலைக்கழகத்திலும் விலைக்குக் கிடைக்காது.

பிள்ளைகளே, விலங்கியலுக்குக் கணிதம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். வர்க்கமூலம் தெரியாவிட்டால் பறக்காத பூச்சி எப்படிப் போனது என்ற கேள்வியே எழுந்திருக்காது. இரண்டையும் விடாமல் படியுங்கள். வகுப்பறையில் பொறுமையாக எண்ணவும், எண்ணியதை உள்ளபடி எழுதவும் பழக்கிய ஆசிரியைகளுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கும் வாய்க்கட்டும்.

 எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க.